போடி மலையில் இரண்டாவது கியர்

எங்கள் வீட்டில் கைப்பேசி அடித்து, திரையைப் பார்த்த என் மனைவி தனம் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தால், அழைப்பது போடியிலிருந்து பாண்டி என்று அர்த்தம். முகம் தெரிகிற அழைப்புகூட இல்லை, வெறும் பேச்சுதான். அதற்கே அவளுக்குத் தலைப்புச் சரியாக இருக்க வேண்டும். இந்த ஐப்பசியிலும் ஒருநாள் காலையில் தலைப்புச் சரியானது.

"மச்சான் வண்டி மலை ஏற மாட்டேங்குதாம். ரெண்டாவது கியர் தானா கழண்டுக்குதாம். மூணு மெக்கானிக் பார்த்தும் தீரலையாம். உங்களைக் கூட்டிக்கிட்டு வரச் சொல்றாரு," என்றாள்.

மெக்கானிக் நான். மன்னார்குடியில் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய பிக்கப் வண்டிகளின் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றித்தான் என் முதுகு வளைந்தது. அந்த அழைப்பு என் எண்ணுக்கு வந்திருக்க வேண்டும். சொன்னால் சின்னப் புத்தி என்பாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாண்டி தனத்தின் தாய்மாமன் மகன். அவளுக்கு அவன்தான் என்று சின்ன வயதிலேயே பேசிவைத்த முறைப்பையன். தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதை யாருடையது என்று இரண்டு வீட்டுக்கும் சண்டை வந்து, அந்தக் கோபத்தில் என் மாமனார் பெண்ணை அசலில், அதுவும் தஞ்சாவூர்ச் சீமையில் கொண்டுவந்து எனக்குக் கட்டிவைத்தார். கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளிலேயே இரண்டு வீடும் ராசியாகிவிட்டது. பாதையும் பொதுப்பாதை ஆகிவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்டவன் நான்தான்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. முறைப்பெண்ணை வேறொருவன் கட்டிக்கொண்டால், அவனும் முறைப்பையனும் அண்ணன் தம்பி முறை ஆகிவிடுகிறார்கள். யாரை நினைத்து எனக்கு வயிறு எரிகிறதோ அவன் என்னை வாய் நிறைய "அண்ணே" என்கிறான். பதிலுக்கு நான் "தம்பி" என்றாக வேண்டும். போதாக்குறைக்கு முறைப்பெண்ணும் முறைப்பையனும் எவ்வளவு கேலி பேசினாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊரே சேர்ந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன். தாடை வலிக்கும்.

அப்படியிருந்தும் கிளம்பினேன். பாண்டி ஏதாவது பேசும்போது தனத்தின் கண் ஒரு தினுசாக விரியும். ஒரே ஒரு தடவை அந்தக் கண் என்னைப் பார்த்து விரிய வேண்டும், அதுவும் அவள் ஊரில், அவள் சனங்களுக்கு முன்னால். அவன் வண்டியை நான் குணப்படுத்தினால் அது நடக்கும் என்று கணக்குப் போட்டேன். சாவிகளையும் ஸ்பானர்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினோம்.

தேனியைத் தாண்டியதும் தனத்தின் பேச்சு மாறிவிட்டது. எங்கள் ஊரில் "செத்த இருங்க" என்று பழகிப்போனவள், நடத்துநரிடம் "அப்பு, வெரசா எடுக்கச் சொல்லு, வீட்டுல சோறு ஆறிப்போயிரும்" என்றாள். முன்சீட்டில் இரண்டு பேர் தேவாரம் பக்கம் தென்னந்தோப்பில் யானை இறங்கியதைப் பேசிக்கொண்டு வந்தார்கள். குருத்தை மட்டும் தின்றுவிட்டு மரத்தைச் சாய்த்துப் போட்டதாம். தனம் எட்டிப் பார்த்து, எந்தத் தோப்பு, யார் வீட்டுத் தோப்பு என்று விசாரித்தாள். இப்படி ஒரு கலகலப்பான பெண்பிள்ளையோடு நான் குடித்தனம் நடத்தியதே இல்லை.

பாதி வழியில் பேருந்து முக்கத் தொடங்கியது. கிளட்ச் பிளேட் கருகுகிற வாடை எனக்கு உடனே வந்துவிட்டது. இறங்குகிற சாக்கில் ஓட்டுநரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பொழுதன்னைக்கும் இந்த வாடையிலதாண்ணே சோறு திங்கிறேன். போயி உக்காருங்க," என்றார். தனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் போய் உட்கார்ந்தேன்.

போடியில் இறங்கினால் ஊரே ஏலக்காய் மணக்கிறது. மூட்டை ஏற்றுகிறவர்கள் சட்டை மணக்கிறது, வங்கி வாசல் மணக்கிறது, சாக்கடை ஓரம்கூட மணக்கிறது. ஆனால் பேருந்து நிலையத்து டீயில் ஒரு காய்கூட இல்லை. கேட்டதற்குக் கடைக்காரர், "அது விக்கிறதுக்குண்ணே, குடிக்கிறதுக்கு இல்ல," என்றார். எங்கள் ஊரில் சம்பாவை விற்றுவிட்டு ரேஷன் அரிசி சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். அதனால் மேற்கொண்டு பேசவில்லை.

பாண்டி வண்டியோடு வந்து நின்றான். ஐம்பதை நெருங்குகிறவனுக்குத் தலை நிறைய முடி. என் பை கனமாக இருந்தது, அதை விட்டுவிட்டுத் தனத்தின் கையிலிருந்த பலகாரப் பையை வாங்கிக்கொண்டான். "என்னாத்தா, தஞ்சாவூருத் தண்ணி ஒத்துக்கலையா, இப்படி எளச்சுப் போன?" என்றான். அவள் இளைத்தெல்லாம் போகவில்லை. எனக்குத் தெரியாதா? ஆனால் அவள் "அப்படியா மச்சான்?" என்று கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

வண்டியைச் சொல்ல வேண்டும். வயதான பிக்கப். முன்னால் ஒரே நீளச் சீட்டு, மூன்று பேர் உட்காரலாம். நடுவில் தரையைத் துளைத்துக்கொண்டு கியர்த்தண்டு நிற்கும். பின்னால் தகரத் தொட்டி. குரங்கணிக்கு மேலே பாண்டி குத்தகைக்குப் பார்க்கிற ஏலத்தோட்டத்துக்கு, காலையில் காய் எடுக்கிற பெண்களை அந்தத் தொட்டியில் நிறுத்தி ஏற்றிப் போவான். சாயங்காலம் அவர்களோடு பச்சைக்காய் மூட்டைகளையும் இறக்கி வருவான். எடுத்த காயை அன்றைக்கே காயவைக்கிற ஸ்டோருக்குக் கொண்டுபோகாவிட்டால் பச்சை நிறம் போய்விடும், ஏலம் விடுகிற இடத்தில் எவனும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டான். எடுப்புக் காலம் உச்சத்தில் இருந்தது. கியர்பாக்ஸை இறக்கிப் பட்டறையில் போட்டால் அந்த வருடத்துக் காய் போனமாதிரிதான்.

வீட்டில் பாண்டியின் மனைவி மாலா நாட்டுக்கோழிக் குழம்பும் வெள்ளைப் பணியாரமும் செய்து வைத்திருந்தாள். நல்ல பெண், வாய் ஓயாது. "வாங்க மாமா, ஒங்க தம்பிக்கு வைத்தியம் பாக்க வந்தீகளா, வண்டிக்கா?" என்றாள். நான் மூன்றாவது தடவை குழம்பு வாங்கினேன். தனமும் பாண்டியும் சின்ன வயதில் பக்கத்துத் தோட்டத்தில் மாங்காய் திருடிய கதையை மாலாவே எடுத்துக்கொடுக்க, அவர்கள் இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். மாலாவுக்கு வயிறு எரியவில்லையே என்று எனக்கு அதிசயமாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே வேலையில் இறங்கிவிட்டேன். முதலில் பாண்டியை நிற்கவைத்துக் கேட்டேன். எப்போது கழலுகிறது? ஏற்றத்தில். காலியாக இருக்கும்போதா, லோடு இருக்கும்போதா? லோடு இருந்தால்தான். மூன்றாவதில்? இல்லை, அந்த இரண்டாவதில் மட்டும். கழலும்போது சத்தம் வருகிறதா? "பொதுக்குனு நியூட்ரல்ல வந்து விழும்ணே. வேற சத்தம் இல்ல," என்றான்.

முதல் மெக்கானிக் கிளட்ச் பிளேட் என்று மாற்றியிருக்கிறார். இரண்டாமவர் கியரைத் தள்ளுகிற கவட்டை தேய்ந்துவிட்டது என்று அதை மாற்றியிருக்கிறார். மூன்றாமவர் கியர்ப் பல்லே போய்விட்டது, பாக்ஸை மொத்தமாகப் பிரிக்க வேண்டும் என்றிருக்கிறார். முதல் இருவரும் வேலை முடித்து ஓட்டிக் காட்டியபோது வண்டி நன்றாகத்தான் போயிருக்கிறது. இரண்டு நாளில் மலையில் மறுபடியும் அதே கதை.

வண்டியை ஓடவிட்டு, கிளட்ச்சை மிதித்தும் விட்டும் காது கொடுத்தேன். மிதித்தால் சத்தம் வந்தால் ஒரு பேரிங், விட்டால் சத்தம் வந்தால் வேறொரு பேரிங். இரண்டும் இல்லை. பின்சக்கரத்தைத் தூக்கி, கீழே ஓடுகிற நீளத் தண்டைக் கையால் திருகிப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. கியர் ஆயிலை ஒரு சட்டியில் இறக்கி விரலால் தேய்த்தேன். பல் உதிர்ந்திருந்தால் மினுமினுவென்று இரும்புத்தூள் வரும். கரும்பச்சையாக வழுவழுவென்று இருந்தது. கியர்பாக்ஸைத் தாங்குகிற ரப்பரைப் பார்த்தேன். சேறும் ஆயிலும் அப்பியிருந்தாலும் முழுசாகத்தான் தெரிந்தது. தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

மேலிருந்து தண்டின் அடியைப் பார்ப்பதற்காக, அதைச் சுற்றித் தரையில் திணித்திருந்த சாக்குத் துண்டுகளையும் டியூப் ரப்பரையும் பிடுங்கி வாசலில் போட்டேன். இதென்ன கண்றாவி என்றேன். "அட்டைண்ணே," என்றான் பாண்டி. மழைக்காலத்தில் மேலே வண்டி நின்றால், அந்த ஓட்டை வழியாக அட்டைப்பூச்சி உள்ளே ஏறிவிடுமாம். அதனால் மலைக்குப் போகிற வண்டிகளில் எல்லோரும் இப்படித்தான் இறுக்கி அடைப்பார்களாம். எங்கள் சீமையில் ரத்தம் உறிஞ்சுவதற்குக் கொசு போதும்.

கீழே கழற்றியதை எல்லாம் மாட்டி, மலை ஏறத் தொடங்குகிற முந்தல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன். பாண்டி அக்கம்பக்கத்தில் கிடைத்த உர மூட்டைகளை ஏற்றியிருந்தான். இரண்டாவதில் போட்டு அழுத்தினேன். பசுமாடு மாதிரி போனது. திரும்பவும் ஏற்றினேன், அப்போதும் கழலவில்லை. எங்கள் ஊரில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான், அதை நான்காவதிலேயே ஏறிவிடுவோம். அன்றைக்கு மேட்டை வைத்துக்கொண்டும் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தனம் ஓடிவந்தாள். "என்ன கோளாறுங்க?" என்றாள். "இன்னும் தெரியலை," என்றேன். அவள் முகம் சுருங்கியது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பாண்டி என் தோளில் கைபோட்டு, "அண்ணனுக்குத் தெரியாததா தனம்? வண்டிதான் அண்ணனைப் பாத்ததும் பயந்துக்கிருச்சு," என்று எனக்குப் பரிந்து பேசினான். உடனே அவள் கண் விரிந்தது, அவனைப் பார்த்து. அன்று சாயங்காலம் வாங்கிவந்த பரோட்டாவை நான் பாதியில் தள்ளிவைத்தேன். கியர்பாக்ஸ் முடிந்துபோச்சு, வண்டியைக் காயலான் கடையில் போடு என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

அடுத்த நாள் காலையில் எழுந்து வாசலுக்கு வந்தேன். வண்டிக் கதவு இரண்டும் திறந்து கிடந்தது. ஒரு பக்கத்திலிருந்து பாண்டியும் மறு பக்கத்திலிருந்து தனமும் தலையை உள்ளே விட்டு, கியர்த்தண்டைச் சுற்றிச் சாக்கைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். "இன்னும் இறுக்கு மச்சான், போன தடவ என் கெண்டைக்கால்ல ஏறுச்சுல்ல," என்று அவள் சொல்ல, "ஒன் ரத்தத்தைக் குடிச்ச அட்ட அன்னைக்கே செத்துப்போச்சு," என்று அவன் சொல்ல, வண்டியே குலுங்குகிற மாதிரி இருவரும் சிரித்தார்கள். அவளும் தோட்டத்தைப் பார்க்க வரப்போகிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

காய் எடுக்கிற பெண்கள் வந்து தொட்டியில் ஏறினார்கள். பேச்சியம்மா என்கிற நடுத்தர வயதுப் பெண்தான் அவர்களுக்குத் தலைவி மாதிரி. அரிசி, உரம், தண்ணீர்க் குழாய் என்று மேலே போகவேண்டிய சாமானும் ஏறியது. தனம் முன்சீட்டில் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். பாண்டி வண்டியைக் கிளப்பிக்கொண்டே சர்வசாதாரணமாகச் சொன்னான்: "ரெண்டாவது போட்டதும் நீ கியரை அழுத்திப் பிடிச்சுக்கணும், என்ன? மாலா இப்படித்தான் பிடிச்சுக்கிட்டு வருவா. கழலப்போறமாதிரி இருந்தா நானும் மேல கை வச்சு அழுத்திக்கிறேன்."

அவள் கை கியரின் மேல். அவன் கை அவள் கையின் மேல். குரங்கணி வரைக்கும், அதற்கு மேலேயும். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

"தனம், நீ ஓரத்துக்கு வா. நடுவுல இன்ஜின் சூடு அடிக்கும்," என்றேன்.

"இருக்கட்டும்ங்க, நான் சின்னதுலேருந்து உக்காந்து வர்ற எடம்தான."

"வான்னு சொல்றேன்ல."

கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். பின்னால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். தனம் இறங்கி எனக்கு வழி விட்டாள். நான் நடுவில் ஏறி, கியர்த்தண்டுக்கு இரண்டு பக்கமும் முழங்காலைப் பிரித்துப் போட்டு, ஐந்தடி எட்டங்குல உடம்பை மடக்கி உட்கார்ந்தேன். பாண்டியின் கை வந்தால் என் கைமேல்தான் வர வேண்டும்.

குரங்கணி தாண்டியதும் தார் ரோடு போய்ப் பாறையும் சேறுமான ஜீப்புப் பாதை. ஒரு பக்கம் காப்பிச் செடி, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. பாண்டி இரண்டாவதைப் போட்டான். நான் தண்டை இரண்டு கையாலும் என் பக்கம் இழுத்துப் பிடித்தேன். முதல் வளைவில் சும்மா இருந்தது. அடுத்த வளைவில் வண்டி மூச்சுப் பிடித்து ஏறும்போது, தண்டு என் கையைத் தள்ளியது.

இருபது முப்பது கியர்பாக்ஸ்களில் நான் கியர் கழலுவதைப் பார்த்திருக்கிறேன். பல் தேய்ந்திருந்தால் தண்டு முதலில் நடுங்கும், கை கூசும், பிறகு துள்ளி விழும். இது நடுங்கவில்லை. ஓர் ஆள் கீழேயிருந்து கையை வைத்து முன்னால் அழுத்துகிற மாதிரி மெதுவாக, கனமாகத் தள்ளியது. குனிந்து பார்த்தேன். முழங்கால் இடுக்கில் திணித்திருந்த சாக்கு முழுவதும் மேலே எழும்பி நின்றது. வியப்பில் என் பிடி தளர்ந்துவிட்டது.

பொதுக்கென்று நியூட்ரல். வண்டி பின்னால் உருண்டது. பாண்டி பிரேக்கில் ஏறி நின்றான். சேற்றில் சக்கரம் வழுக்கிக்கொண்டு இன்னும் இறங்கியது. "ஏ ஆத்தா, கல்லப் போடுங்கடி!" என்று பேச்சியம்மா கத்தினாள். நான்கைந்து பெண்கள் தொட்டியிலிருந்து குதித்து, தயாராக வைத்திருந்த கற்களைப் பின்சக்கரத்துக்கு அணை கொடுத்தார்கள். வண்டி நின்றது. தனம் என் தொடையை இறுக்கிப் பிடித்திருந்தாள், நகம் பதிந்திருந்தது. அந்தப் பெண்களோ எதுவும் நடக்காத மாதிரி திரும்ப ஏறிக்கொண்டார்கள். தினமும் இப்படித்தானாம்.

மிச்ச மலையை நான் தண்டைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். ஏறி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. கோளாறு கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இல்லை. அதைத் தாங்குகிற ரப்பர் கிழிந்திருக்கிறது. சமதரையில் பாக்ஸின் கனத்தில் கிழிசல் மூடிக்கொள்ளும், அதனால்தான் என் கண்ணுக்குத் தெரியவில்லை. லோடோடு ஏற்றத்தில் இழுக்கும்போது பாக்ஸ் முறுக்கிக்கொண்டு மேலே எழும்பும். தண்டும் கூடவே எழும்பும். சுற்றிலும் இடம் இருந்தால் எழும்பிவிட்டுப் போகட்டும். ஆனால் அட்டைக்குப் பயந்து திணித்த சாக்கில் முட்டி, அது தண்டைத் திருப்பித் தள்ளிக் கியரைக் கழற்றிவிடுகிறது. ஒவ்வொரு மெக்கானிக்கும் முதல் வேலையாக அந்த அடைப்பைப் பிடுங்கிப் போட்டார், வண்டி நன்றாகப் போனது. நானும் அதையேதான் செய்தேன். மலைக்குப் போகிற காலையில் வீட்டார் திரும்ப அடைத்துவிடுகிறார்கள்.

கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்டால், தோட்டத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மேலே புதிதாகக் காவலுக்கு வந்திருக்கிற குடும்பம் மலையாளம் பேசுகிறவர்கள், மாலாவை இன்னும் பார்த்ததில்லை. அந்த அம்மாள் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும், காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தி என்கிற துவையலும், பாலில்லாத டீயும் கொடுத்தாள். மிளகாய் என் உச்சியைப் பிளந்தது. அந்த நேரத்தில் பாண்டி தனத்துக்கு ஏலச் செடியின் அடியில் கொத்தை விலக்கி, எந்தக் காய் எடுக்கலாம், எது இளசு என்று காட்டிக்கொண்டிருந்தான். அவள் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். அந்த அம்மாள் தன் புருஷனிடம் மலையாளத்தில் ஏதோ சொன்னாள். அவளுடைய பேச்சில் பாதி எனக்குப் புரியாது, அது மட்டும் நன்றாகப் புரிந்தது. பாண்டியோட பொஞ்சாதி இதுதானா, நல்ல ஜோடி என்கிறாள்.

டீ ஆறிப்போகும் வரை உட்கார்ந்திருந்தேன். இவன் வண்டி கெட்டே கிடக்கட்டும் என்று மனம் சொன்னது. குத்தகையை விட்டுவிட்டு வீட்டில் உட்காரட்டும், முடி கொட்டட்டும். என் தொழிலில் முதல் தடவையாக, கோளாறு தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன். நாள் முழுவதும் அது உள்ளே நெஞ்சுக்கரிப்பு மாதிரி இருந்தது. கொஞ்சம் மிளகாயும் காரணமாக இருக்கலாம்.

சாயங்காலம் மூட்டைகளை ஏற்றிவிட்டு, பெண்கள் அவற்றின் மேல் ஏறத் தொடங்கினார்கள். இறங்குகிற வழியிலும் இரண்டு ஏற்றம் உண்டு. பேச்சியம்மா ஏறுவதற்கு முன்னால் குனிந்து, காலையில் சாமானோடு இறக்கிப் போட்ட அணைகற்களைத் தேடி எடுத்துத் தொட்டியில் வைத்தாள். ஒரு கல்லைப் புடவையில் துடைத்துவிட்டு வைத்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"தம்பி, எல்லாரையும் இறங்கச் சொல்லு. மூட்டை கட்டுற நைலான் கயிறு இருந்தா கொண்டா," என்றேன்.

சாக்கையும் ரப்பரையும் பிடுங்கி எறிந்தேன். சேற்றில் மல்லாந்து படுத்து, கடப்பாரையால் கியர்பாக்ஸை நெம்பினேன். ரப்பர் இரண்டு உதடாகப் பிளந்து காட்டியது. பாண்டியையும் படுக்கவைத்துப் பார்க்கச் சொன்னேன். பிறகு பாக்ஸ் மேலே எழும்பாதபடி கயிற்றால் வண்டியின் சட்டத்தோடு சேர்த்து இழுத்துக் கட்டினேன். லோடோடு, பெண்களோடு, தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிற செங்குத்தான பாதையில் ஏற்றச் சொன்னேன். "யாரும் கியரைத் தொடாதீங்க," என்றேன். பாண்டி ஏற்றினான். நான் பக்கத்தில் நடந்தேன். தண்டு இருந்த இடத்திலேயே நின்றது. பெண்கள் மேலே நின்று குலவையிட்டார்கள். எனக்குக் குலவை போட்டது என் கல்யாணத்துக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை.

தனத்தைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அது நான் எதிர்பார்த்த பார்வை இல்லை. எதையோ யோசிக்கிற பார்வை.

மறுநாள் போடிக் கடைவீதியில் ரஹீம் பாய் கடைக்குப் போனோம். வண்டிச் சாமான் கடை, பரம்பரையாக அங்கேதான். புது ரப்பரை வாங்கி, கடை வாசலிலேயே வண்டியை நிறுத்தி மாட்டிக்கொண்டிருந்தேன். அடைப்புக்குப் பதிலாகத் தளர்வான தோல் உறை ஒன்றும் வாங்கி, தண்டு தாராளமாக ஆடுகிற மாதிரி பொருத்தினேன். பாண்டி கடைக்கு வந்தவர்கள் போனவர்கள் அத்தனை பேரிடமும், "எங்கண்ணன் கண்டுபிடிச்சாரு, மூணு பேரால முடியாதத," என்று தமுக்கடித்துக்கொண்டிருந்தான். ஜீப்பு ஓட்டுநர்கள் சிலர் தங்கள் வண்டியின் அடைப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். தனமும் மாலாவும் பக்கத்துக் கடையில் ஏலக்காய் வாங்கிவிட்டு வந்து நின்றார்கள்.

ரஹீம் பாய் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். "மாப்ளே, ஒண்ணு கேக்குறேன். மெக்கானிக்குன்னா ஓட்டுற சீட்டுல உக்காருவான். இல்ல வண்டிக்குக் கீழ படுப்பான். நடுசீட்டுல போயி உக்காந்து பாக்கணும்னு ஒங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தொழில் அனுபவம் என்று ஒரு பொய் தயாராக நாக்கில் இருந்தது. ஏனோ அது வரவில்லை. கையைக் கிரீசுத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னேன்.

"தம்பி பக்கத்துல எம்பொண்டாட்டி உக்காரக் கூடாதுன்னுதான் பாய்."

கடை அதிர்ந்தது. ரஹீம் பாய் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஓட்டுநர்கள் விசிலடித்தார்கள். மாலாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பாண்டி என்னைக் கட்டிப்பிடித்து, "பாத்துக்கங்கண்ணே, பத்திரம்! எனக்கு இன்னும் ஆச விடல," என்று கூட ஒன்று போட்டான், சிரிப்பு இரண்டு மடங்கானது. முறைக்காரர்களுக்குள் நடக்கிற கேலியாக அதை எடுத்துக்கொண்டார்கள். அந்த நாளின் சிறந்த நகைச்சுவை என்னுடையதுதான். ஒரே ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. எனக்குக் கேலி பேச வராது என்று அவளுக்குத்தான் தெரியும்.

அன்று மத்தியானமே கிளம்பினோம். பாண்டி பேருந்து நிலையத்தில் ஜன்னலோரச் சீட்டுப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனான். தேனி தாண்டியதும் தனம் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கடையில நெசமாத்தான சொன்னீக?"

"நெசமாத்தான்."

சொல்ல ஆரம்பித்தாகிவிட்டது, இனி என்ன என்று எனக்கும் தோன்றியது. இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். "அவனைத்தான் கட்டிக்கணும்னு இருந்தியா?"

"இருந்தேன்," என்றாள். யோசிக்கக்கூட இல்லை.

பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இதைத்தான் அவள் சொல்வாள் என்று ஆயிரம் தடவை நினைத்திருக்கிறேன். அவள் வாயால் கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது.

"ஒங்க வீட்டுக்கு வந்த புதுசுல அடுப்படியில நின்னு அழுதிருக்கேன். கொஞ்ச நாளு இருந்துச்சு. அப்புறம் இல்ல. எப்பப் போச்சுன்னு எனக்கே தெரியாது. சோலி, புள்ளைக, ஒங்க பட்டறைன்னு ஆயிப்போச்சு." அவள் ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பாவம் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. "நான் அத எங்கயோ போட்டுட்டு வந்துட்டேன். நீங்கதான் கீழ வைக்காம இத்தன வருசமாத் தூக்கிக்கிட்டு அலையுறீக."